மார்ச் கடைசியும் மலைத்தீயும்



மாசி முடிந்து பங்குனி பிறக்கப் போகிறது. எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வெயில் இப்போதே ஏறிவிட்டது. ஊத்துக்கோட்டை வழியாக இரவில் பயணம் செய்கிறவர்கள் மேற்கே பார்த்தால், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம் மலைகளில் சில நாட்களில் செந்நிறமாய் ஒரு கோடு தெரியும். பேருந்தில் வரும் பிள்ளைகள் மலைக்கு மாலை போட்டிருக்கிறது என்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க அப்படித்தான் இருக்கும். அந்தக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி, கையில் பச்சைக் கிளையோடு யாரோ நாலு பேர் நிற்கிறார்கள் என்பது பேருந்தில் இருக்கும் நமக்குத் தெரியாது. இந்தப் பதிவு அந்த நாலு பேரைப் பற்றியது.

தீ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிவப்பு வண்டியும் மணியும். மலைக்கு அந்த வண்டி ஏறாது. தார்ச்சாலை முடிகிற இடத்தோடு தண்ணீரும் முடிந்துவிடும். அதற்கு மேல் நடந்து போகிறவர்கள் வனத்துறையின் கடைநிலை ஆட்கள். கார்டு என்று நாம் சொல்லும் வனக்காப்பாளர், வாட்சர் என்னும் வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர், கோடைக்கு மட்டும் தினக்கூலியில் எடுக்கப்படும் தீக்காவலர். இவர்களில் தீயைக் காப்பதே வேலை என்று இருப்பவர் கடைசியில் சொன்ன அந்தத் தினக்கூலிக்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது பத்தோடு பதினொன்று.

மற்றப் பத்து என்னென்ன என்று கேட்பீர்கள். வனக்குற்ற வழக்குக்கு நீதிமன்றம் போய் நிற்க வேண்டும். யானையோ பன்றியோ பயிரை அழித்தால் போய்ப் பார்த்து நட்ட ஈட்டுக்குக் கணக்கு எழுத வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மனு வந்தால் கிராமத்தில் கூட்டு ஆய்வுக்குப் போக வேண்டும். நாற்றங்காலில் எத்தனை கன்று பிழைத்தது என்று எண்ண வேண்டும். வனவிலங்குக் கணக்கெடுப்பு இருக்கிறது. நாட்குறிப்பு எழுத வேண்டும், பயணப்படிப் பட்டியல் போட வேண்டும், மாதாந்திர அறிக்கை தர வேண்டும். மேலதிகாரி வந்தால் கூடப் போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மலையில் புகை தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடிவிட்டு வந்து, ஓடியதற்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீக்காலத்து நாலு மாதங்களில் காட்டில் நிற்கிற ஆளிடம் மேஜை வேலை எதுவும் இருக்கக் கூடாது. அவர் எழுத வேண்டியதை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுத வேண்டும். வேறு துறைப் பணிக்கும் அந்த மாதங்களில் அவரை எடுக்கக் கூடாது. இது அவர்மேல் இரக்கப்பட்டுச் செய்யும் சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம். உயிர் போகிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று புதிதாக வரும் வாசகர் கேட்கலாம். பழைய நண்பர்களுக்குத் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது நான் சிறு குழந்தை. ஆனால் அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் பிரெஞ்சுப் படிப்புதான் படிப்பு. அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான பொன்னேரிப் பக்கம் வந்து, தேர்வெழுதித் தமிழக அரசில் இளநிலை உதவியாளரானேன். தாய்மொழி தமிழ்தான் என்றாலும் தமிழ் வழியில் படிக்காததால், வேலையில் சேர்ந்த பிறகு தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புதான் வாழ்க்கை. அதில் கணிசமான காலம் வனத்துறை அலுவலகங்களில் அமைச்சுப் பணி. மலையேறித் தீயை அணைத்தவன் இல்லை நான். அணைத்தவர்கள் எழுதிக் கொண்டுவந்த காகிதங்களை எண் போட்டுப் பதிந்தவன். ஆகவே இந்த விஷயத்தில் மேஜைப் பக்கத்து நியாயம் எனக்கு நன்றாகவே தெரியும்.

மேஜைக்கு ஒரு காலண்டர் உண்டு. அதில் மிகப் பெரிய நாள் மார்ச் 31. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாரையும் எழுப்பிக் கேளுங்கள், மார்ச் கடைசி என்றாலே முகம் மாறும். ஒதுக்கிய பணத்தைச் செலவு செய்து கணக்குக் காட்ட வேண்டும், இல்லையேல் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கருவூலத்தில் பட்டியல்கள் குவியும். இருப்புச் சரிபார்ப்பு, பயன்பாட்டுச் சான்று, தணிக்கைக்குப் பதில் என்று நாலாபக்கமும் காகிதம் பறக்கும். ஏப்ரலில் புதிய ஆண்டுக்கான வேலை தொடங்கும்.

காட்டுக்கும் ஒரு காலண்டர் உண்டு. மார்கழிப் பனி போய், தையில் புல் காய்ந்து, மாசியில் இலையுதிர்த்த மரங்களின் சருகு முழங்கால் அளவு சேரும். பிப்ரவரியில் தொடங்கி, கோடை மழை நன்றாக இறங்கும் வரை தீக்காலம். அதில் உச்சம் மார்ச்சும் ஏப்ரலும். அதாவது அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லாத அதே வாரங்கள்தான் மலையிலும் மூச்சுவிட நேரமில்லாத வாரங்கள். இரண்டு காலண்டரும் ஒரே ஆள் தலையில் மோதுகின்றன. நிதியாண்டை மனிதன் வகுத்தான். சருகு காயும் காலத்தை யாரும் அரசாணை போட்டு ஒத்திவைக்க முடியாது. இரண்டில் ஒன்று வளைந்து கொடுக்க வேண்டுமானால் எது வளைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2018 மார்ச் 11 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இளைஞர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது காய்ந்த புல்வெளியில் தீயின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள். ஆனால் முதலில் ஓடி ஏறியவர்கள் ஊர்க்காரர்களும் கீழ்நிலை ஊழியர்களும்தான். பிறகு அரசு அதுல்ய மிஸ்ரா என்ற மூத்த அதிகாரியை நியமித்து விசாரித்தது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் விதிகளும் வந்தன. யாருக்கு அனுமதி, எந்தப் பாதை, யார் வழிகாட்டி என்றெல்லாம் வகுத்தார்கள். நல்லதுதான். ஆனால் மலையேறப் போகிறவருக்கு விதி வகுத்த அளவுக்கு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அந்த மலையில் நிற்க வேண்டிய ஊழியரின் வேலைப் பங்கீட்டைப் பற்றிப் பொதுவில் யாரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்து, தேர்தல். நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு நடந்த நாட்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2011-இல் ஏப்ரல் 13. 2014-இல் ஏப்ரல் 24. 2016-இல் மே 16. 2019-இல் ஏப்ரல் 18. 2021-இல் ஏப்ரல் 6. 2024-இல் ஏப்ரல் 19. ஒன்றுகூடத் தீக்காலத்துக்கு வெளியே இல்லை. அரசு ஊழியர்களாக இருந்த நாம் எல்லோரும் தேர்தல் பணி பார்த்தவர்கள்தான். பயிற்சி வகுப்பு, பெட்டி வாங்குவது, இரவு பள்ளிக்கூடத்தில் படுப்பது, மறுநாள் பெட்டியை ஒப்படைத்துவிட்டு விடியற்காலையில் வீடு வருவது என்று எல்லாமே அத்துப்படி. எழுத்தர், ஆசிரியர் போனால் அலுவலகமும் பள்ளியும் சில நாள் காத்திருக்கும். காட்டில் நிற்கிறவரை அழைத்துப் போனால் காடு காத்திருக்காது.

இது கற்பனையான அச்சம் இல்லை. 2024-இல் உத்தராகண்டில் நடந்தது இதுதான். அங்கும் ஏப்ரல் 19-ஆம் தேதிதான் வாக்குப்பதிவு. அந்தப் பருவத்தில் மலை முழுக்கப் பைன் ஊசிச் சருகில் தீ. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மே 15-ஆம் தேதி விசாரணையில், தீ எரியும்போது வன ஊழியர்களை ஏன் தேர்தல் பணிக்கு அனுப்பினீர்கள் என்று நீதிபதிகள் நேராகவே கேட்டார்கள். இனி அனுப்ப மாட்டோம் என்று மாநிலத் தரப்பில் சொன்னார்கள். அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 13-ஆம் தேதி அல்மோரா மாவட்டம் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்க வண்டியில் போனவர்களைத் தீ சூழ்ந்தது. அன்றே 4 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்களிலும் பிறகு உயிரிழப்பு நேர்ந்தது. முதல் நாள் இறந்த நால்வர் யார் என்று பாருங்கள். ஒருவர் வனக்காப்பாளர் நிலையில் இருந்தவர், ஒருவர் தீக்காவலர், ஒருவர் மாநிலத் துணைக்காவல் படையைச் சேர்ந்தவர், ஒருவர் தினக்கூலி. அதிகாரி என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை.

நமக்குப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூரில் தீயணைக்கப் போன வனக்காப்பாளர் ஒருவர் இறந்தார். 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே 3 வாட்சர்கள் தீயில் மாட்டி இறந்தார்கள். காடு வேறு, ஆண்டு வேறு. இறந்தவர்களின் சம்பள நிலை மட்டும் ஒன்றுதான்.

சரி, காகிதமே வேண்டாம் என்கிறாயா என்று என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். டாட்டன்ஹாம் துரை வகுத்த அலுவலக நடைமுறையில் ஊறியவன் நான். தபாலுக்கு எண், எண்ணுக்குத் தன்பதிவேடு, பதிவேட்டுக்கு வாரச் சரிபார்ப்பு என்று வளர்ந்தவன் காகிதம் வேண்டாம் என்று சொல்வானா? சொல்ல மாட்டேன். காகிதம் ஏழைக்குத்தான் முதல் பாதுகாப்பு. தீத்தடுப்புக் கோடு வெட்ட இருபது பேர் வந்தார்கள் என்று ஒருவர் எழுதி, வந்த இருபது பேரும் கையெழுத்தோ ரேகையோ வைத்தால்தான் இருபது பேருக்கும் கூலி போய்ச் சேரும். எழுதாவிட்டால் பத்துப் பேர் வேலை செய்து முப்பது பேர் பெயரில் பணம் போகும். தீ எங்கே பிடித்தது, எத்தனை ஹெக்டேர் எரிந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைத்தால்தான் அடுத்த ஆண்டு கோடு எங்கே வெட்டுவது என்று தெரியும். ஆகவே காகிதம் வேண்டும். அதை யார், எப்போது எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

இதற்கு நான் கண்ட ஒரு விடையைச் சொல்கிறேன். ஊரும் அலுவலகமும் பெயரில்லாமல் இருக்கட்டும். 1980-களில் ஒரு மார்ச் மாதம். மாலை நாலு மணிக்கு ஒரு வனக்காப்பாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு இரவு தீயோடு இருந்துவிட்டு நேராக வருகிறார். சட்டையெல்லாம் கரி, புருவம் பொசுங்கியிருந்தது. தீ அறிக்கையும் ஆண்டு இறுதி இருப்புப் பட்டியலும் அன்றே வேண்டும் என்று அவருக்கு இரண்டு முறை ஆள் போயிருந்தது. "சார், தீ அடங்கிடுச்சு. ஆனா விழுந்த கட்டைங்க உள்ளுக்குள்ள கனிஞ்சிட்டே இருக்கு. காத்து அடிச்சா திரும்பப் பிடிச்சுக்கும். ராத்திரிக்கு நான் திரும்பிப் போகணும்" என்றார். காகிதத்தை எடுத்துக்கொண்டு பதிவறை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

எழுப்பட்டுமா என்று ஒருவர் கேட்டார். எங்கள் கண்காணிப்பாளர் கண்டிப்பானவர், காற்புள்ளி விட்டாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர். அவர் சொன்னார்: "ஒரு மணி நேரம் தூங்கட்டும்பா. எழுந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு பேர் உட்கார்ந்து நீங்க எழுதுங்க. படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கலாம்." அப்படியே செய்தோம். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியதில் முக்கால் மணியில் இரண்டு காகிதமும் முடிந்தன. ஏழு மணிப் பேருந்தில் அவர் மலைக்குத் திரும்பினார். எந்த விதியும் மீறப்படவில்லை. எழுதியது எங்கள் கை, பொறுப்பு அவர் கையெழுத்து. ஒரு நல்ல மனிதர் அன்று மனம் வைத்ததால் நடந்தது அது. அது ஏன் ஒவ்வொரு கோடையிலும் வழக்கமான ஏற்பாடாக இருக்கக் கூடாது?

இப்போது கைப்பேசி வந்துவிட்டதே, வேலை குறைந்திருக்குமே என்பீர்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் கொண்டு தீயைக் கண்டு எச்சரிக்கை அனுப்புகிறது. முன்பு ஒரு கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் எங்கோ தீ என்று காட்டியது, இப்போது 375 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகிவிட்டது. பதிவு செய்தவர் கைப்பேசிக்கே குறுஞ்செய்தி வருகிறது. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் செய்தி வந்தால் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். வயலில் வைக்கோல் எரித்தாலும் செயற்கைக்கோளுக்குத் தீதான். எச்சரிக்கை பெருகப் பெருக, போய்ப் பார்க்க வேண்டிய கால்களும் பெருக வேண்டும். அவை பெருகாத இடத்தில், இருக்கிற கால்களுக்கு நடை கூடியதுதான் மிச்சம்.

பிரெஞ்சு படித்ததால் கிடைத்த ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். என் பள்ளித் தோழன் ஒருவனின் மகன் பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறான். அவனுக்கு மேரியில் வேலை. புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் மேரி கட்டடத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல் புரியும், நகராட்சி அலுவலகம். அவனும் என்னைப் போல எழுத்தன்தான். ஆனால் கூடவே பொம்பியே வொலோந்தேர், அதாவது தொண்டராகப் பதிந்துகொண்ட தீயணைப்பு வீரன். அந்த நாட்டில் சுமார் இரண்டரை லட்சம் தீயணைப்பு வீரர்கள் இருக்கிறார்கள் என்றால், பத்தில் எட்டுப் பேர் இப்படி வேறு வேலையில் இருந்துகொண்டு இதைச் செய்கிறவர்கள். ரொட்டிக்கடைக்காரர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி, எழுத்தர் என்று எல்லோரும் உண்டு.

அவர்களுடைய ஏற்பாட்டில் அடிக்கடி வரும் ஒரு சொல் திஸ்போனிபிலித்தே. வேண்டும்போது ஆள் கிடைக்கும் நிலை என்று பொருள் சொல்லலாம். 1996 மே 3-ஆம் தேதி இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேலை கொடுத்தவரும் தீயணைப்புத் துறையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், எந்த நேரத்தில் எத்தனை மணி நேரம் இவரை விடுவிப்போம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். தீயணைக்கவோ பயிற்சிக்கோ போன நேரம் விடுப்புக் கணக்கில் வேலை பார்த்த நேரமாகவே கொள்ளப்படும். அதற்காகப் போனதை வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ முடியாது. 2022 கோடையில் அந்தப் பகுதியில் 20,000 ஹெக்டேருக்கு மேல் பைன் காடு எரிந்தபோது, உங்களிடம் வேலை பார்க்கும் தொண்டர்களை விடுவியுங்கள் என்று அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. என் தோழனின் மகன் அப்போது நாட்கணக்காக மேரிக்கே போகவில்லையாம். அவன் மேஜையில் இருந்ததை மற்றவர்கள் பங்கிட்டு முடித்தார்கள்.

அவர்களும் பட்டுத்தான் கற்றார்கள். 1949 ஆகஸ்டில் அதே பகுதியில், லாந்து என்னும் காட்டில், தீயணைக்கப் போனவர்கள் 82 பேர் காற்று திரும்பியதில் மாண்டுபோனார்கள். அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் அவர்களுடைய இன்றைய காட்டுத்தீ ஏற்பாடு.

அமெரிக்க வனத்துறையிலும் வேறு வகையில் இதே எண்ணம் இருக்கிறது. அங்கே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களும் விரும்பினால் பயிற்சி பெற்று, சிவப்பு அட்டை என்று சொல்லப்படும் தகுதி அட்டை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தீக்குப் போகலாம். நேரடியாகத் தீயணைக்கப் போகிறவர் ஆண்டுதோறும் ஒரு சோதனையில் தேற வேண்டும். முதுகில் சுமார் 20 கிலோ மூட்டையோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும். அட்டை இல்லாதவரைத் தீ அருகில் விடமாட்டார்கள். மேஜை வேலையும் களவேலையும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஆனால் களத்துக்குப் போகும்போது அவருக்குப் பயிற்சியும் உடல் தகுதியும் இருக்க வேண்டும், மேஜை அவரைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம்.

வெளிநாட்டுக் கதை நமக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு உள்ளூர்க் கதை இருக்கிறது. நம் சிப்காட்டுக்குள் இருக்கும் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்த வாசகர்களில் பலர். உங்களுக்கே தெரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 38-ஆம் பிரிவு, தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது, என்ன செய்வது என்று தொழிலாளர்கள் எல்லோருக்கும் பயிற்சி இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. ஒழுங்காக நடக்கும் ஆலையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு தீயணைப்புக் குழுவின் பெயர்ப் பட்டியல் வாசலில் தொங்கும். ஃபிட்டரும் வெல்டரும் ஸ்டோர் கிளார்க்கும் அதில் இருப்பார்கள். சைரன் ஒலித்தால் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவார்கள். மறுநாள் மேலாளர் வந்து, நேற்று உன் மெஷினில் உற்பத்தி ஏன் குறைந்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். கொதிகலனும் ரசாயனத் தொட்டியும் பக்கத்தில் இருப்பதால் ஆலைக்காரனுக்கு இது புரிந்திருக்கிறது. காட்டுக்கு மதில் இல்லை, எரிந்தால் காப்பீட்டுக் கணக்கும் இல்லை. அதனால் அங்கே யாருக்கும் அவசரம் தெரிவதில்லை.

ஆகவே என் யோசனைகளை வரிசையாகச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாராவது படித்தால் நல்லது.

முதலாவது, பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை வனக்காப்பாளர், வனக்காவலர் நிலையில் உள்ளவர்களுக்கு நாட்குறிப்பும் தீக் குறிப்பும் தவிர வேறு எழுத்துவேலை கூடாது. மாதாந்திர அறிக்கைகளைச் சரக அலுவலகத்தில் ஓர் எழுத்தர் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆள் இல்லையென்றால் எங்களைப் போல ஓய்வு பெற்றவர்களை நாலு மாதத் தொகுப்பூதியத்தில் அழைக்கலாம். எழுத ஆள் கிடைப்பார்கள். மலையில் ஏற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது, இருப்புச் சரிபார்ப்பு, நாற்றங்கால் கணக்கு போன்ற களத்து ஆண்டு இறுதி வேலைகளை ஜனவரியிலேயே முடிக்க ஆணையிட வேண்டும். நிதியாண்டை மாற்ற வேண்டியதில்லை. இந்த வேலைகளின் தேதியை மாற்றினால் போதும்.

மூன்றாவது, காட்டில் நிற்கும் ஊழியர் யாரையும் தேர்தல் பணிக்கோ வேறு துறைப் பணிக்கோ எடுக்கக் கூடாது. அடுத்த சட்டமன்றத் தேர்தலும் கோடையை ஒட்டித்தான் வரும். உத்தராகண்டில் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியை நம்மிடம் யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காவது, தீக்காலத் தினக்கூலிக்காரருக்கு வாரக் கூலி வாரத்தில் கிடைக்க வேண்டும். பட்டியல் திரும்பி வந்தது, தலைப்பில் பணம் இல்லை என்ற காரணங்களை அவர் குடும்பம் சமைத்துச் சாப்பிட முடியாது. அவருக்கும் காலணி, தலைக்கவசம், முகத்துணி, விபத்துக் காப்பீடு வேண்டும். நிரந்தர ஊழியர் இறந்தால் விதிப்படி வரவேண்டியவை சில உண்டு. தினக்கூலிக்காரர் இறந்தால் நிவாரண அறிவிப்பு வருமா என்று அவர் மனைவி செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, அலுவலக ஊழியர்களில் இளையவர்களும் உடல் வலுவுள்ளவர்களும் விரும்பினால், பயிற்சி கொடுத்துத் தகுதி பார்த்து இரண்டாம் வரிசையாகப் பதிந்துகொள்ளலாம். எல்லோரும் தீமுன் நிற்க வேண்டாம். தண்ணீர், சாப்பாடு கொண்டுபோக, வயர்லெஸ்ஸில் உட்கார, மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்ய ஆட்கள் வேண்டும். ஆனால் பயிற்சி இல்லாத ஒருவரையும் மேலே அனுப்பக் கூடாது. தீ கீழிருந்து மேலே ஓடும்போது மனிதனைவிட வேகமாக ஓடும். அதைத் தெரியாதவர் சரிவில் மேல்நோக்கி ஓடித்தான் மாட்டிக்கொள்வார்.

இதையெல்லாம் அரசு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனிதன் வைத்தவை. ஆடு மாட்டுக்குப் புது இளம்புல் வரட்டும் என்று வைப்பது, தேன் எடுக்கும்போது விட்டுவந்த பந்தம், அணைக்காத பீடி, காட்டோரம் கொளுத்திய குப்பை என்று காரணங்கள் சின்னச் சின்னவைதான். நம் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றியும் மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குன்றுகளிலும் காப்புக்காடுகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் நம் வயதுக்காரர்கள் சொன்னால் கேட்கும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த நாலு மாதம் காட்டோரம் தீ மூட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. காட்டுப் பக்கம் புகை கண்டால் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

அரசு ஊழியர் சங்கங்களில் இன்னும் செல்வாக்குள்ள நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகவிலைப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் நாம் தீர்மானம் போடுகிறோம், போட வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் இதற்கும் ஒன்று போடுங்கள். தீக்காலத்தில் களப் பணியாளரின் எழுத்துவேலையை அமைச்சுப் பணியாளர்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று நாமே முன்வந்து சொன்னால், அரசால் மறுக்க முடியாது. நம் வேலை கூடுமே என்று சிலர் முணுமுணுப்பார்கள். கூடத்தான் செய்யும். மார்ச் மாதத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த பதிவில் சந்திப்போம். வெயிலில் அலையாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.